ஆறாம் கதவு

செப்டம்பர் 29, 2025, திங்கள்

கொச்சியில் கட்டுகிற கடற்படை ரோந்துக் கப்பலுக்குத் தண்ணீர் புகாத எட்டுக் கதவுகள், கஞ்சிக்கோட்டில் எங்கள் பட்டறையில்தான் செய்கிறோம். சோதித்துக் கையெழுத்துப் போடுவது நான். காலையிலேயே மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி, "ஏனுங்க செல்வப்பிரியா, வெள்ளிக்கெழம லாரி வருதுங்க, வெரசா முடிங்க" என்கிறார். பற்றவைத்த சூடு ஆறாமல் சட்டம் நேராக நிற்குமா? அந்த ஆளுக்கு லாரி மட்டும்தான் கண்ணில் தெரியும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கிரேனிலிருந்து கதவுகள்வரை வெல்டர் நல்லமுத்து அண்ணன் விபூதிப் பட்டை போட்டார். பொரி தின்றோம். இன்று யார்மீதும் கோபமில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

சட்டத்து விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து, கதவை இறுக்கிச் சாத்தித் திறந்தால், கதவின் ரப்பரில் வெள்ளைக் கோடு அறுபடாமல் விழவேண்டும். அறுந்த இடத்தில் தண்ணீர் புகும். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். எட்டும் தேறின. எட்டிலும் கையெழுத்து. லாரி கிளம்பிவிட்டது.

அக்டோபர் 6, திங்கள்

டீ குடிக்கும்போது நல்லமுத்து அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "ஆறு நம்ம முருகன் நம்பருங்களே. அதனால ஆறாங் கதவுக்கு மட்டும் ரப்பர் மேலயும் சுத்தி விபூதி இழுத்துட்டனுங்க. கடல்ல காவலா இருக்கட்டும்னு."

அய்யோ! நான் பார்த்தது சாக்பீஸ் கோடா, விபூதியா?

"மனுசனாய்யா நீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. அவரை ஏன் திட்டினேன்? துடைத்துவிட்டுச் சோதிக்க வேண்டியது நான்தானே. பத்து வருச அனுபவமாம்! லூசு. லூசு.

அக்டோபர் 7, செவ்வாய்

ஈஸ்வரமூர்த்தியிடம் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கம்முனு இருங்க. ஒழுகுனா, அங்க மாட்டுனவன் தப்புன்னுரலாம்."

எவனோ ஒருத்தன் பிழைப்பு போகட்டும், அப்படித்தானே? கொச்சியில் அவர்களும் பார்க்கத் தவறினால்? அந்தக் கதவை நம்பி உள்ளே தூங்குகிறவர்கள்? தூ!

அக்டோபர் 8, புதன்

கொச்சி கப்பல் தளத்து இன்ஸ்பெக்டர் சிஞ்சுவுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். தனக்குத் தெரிந்த தமிழில், "இப்பவே சொன்னது நல்லதாச்சு சேச்சி, இன்னும் மாட்டல" என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

துடைத்துச் சோதித்தார்களாம். கதவின் கீழ்க் கீலுக்குப் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கோடே இல்லை. மற்ற ஏழும் சரி. ஆறாவது திரும்பி வருகிறது.

அக்டோபர் 11, சனி

ஈஸ்வரமூர்த்தி ஒரு தாளை நீட்டினார். 'தவறு முழுவதும் என்னுடையது. வேறு யாருக்கும் இது தெரியாது' என்று என் பெயரில் டைப் அடித்து வைத்திருக்கிறார். "கையெழுத்துப் போட்டா வேலை இருக்குமுங்க."

முதல் வரி உண்மை. அதை விட்டுவைத்தேன். இரண்டாவதை அடித்துவிட்டு, 'ஏழாம் தேதியே ஈஸ்வரமூர்த்தியிடம் சொன்னேன்; மறைக்கச் சொன்னார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படமெடுத்துச் சிஞ்சுவுக்கு அனுப்பிய பிறகுதான் தாளை அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, வாசலைக் காட்டினார்.

அக்டோபர் 14, செவ்வாய்

நல்லமுத்து அண்ணன் போன் செய்தார். கதவு வந்து இறங்கிவிட்டதாம். கீழ்ப்பக்கத்தை வெட்டி மறுபடி பற்றவைக்கிறாராம். "இந்தவாட்டி சூடு நல்லா ஆறட்டுமுங்க. நீங்க நாளைக்குக் காத்தால வந்து பாத்தாப் போதும்."

அன்று திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட, அத உடுங்க" என்றார். நான் இனி வரமாட்டேன் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை.