மைக் இல்லாம பாடுன புள்ளைக்கு

புள்ள,

காலையில மருமக சளிக்கு யூகலிப்டஸ் தைலம் விட்டு ஆவி புடிச்சா. அந்த வாடை மூக்குல ஏறுனதும், பஹ்ரைன் ஆபீஸ்ல டீ போடுற ரூம்ல நீ துண்டைப் போத்திக்கிட்டுக் குனிஞ்சு நின்னது கண்ணு முன்னால வந்துருச்சு. "என்னா புள்ள, இட்லிக்குப் பதிலா தலைய அவிக்கிறியா?"ன்னேன். "ஏசியிலை தொண்டை காஞ்சு போச்சு அண்ணை, பகிடி விடாமல் போங்கோ"ன்னு துண்டுக்குள்ள இருந்தே சத்தம் போட்ட.

நீ அங்க டைப்பிஸ்ட், யாழ்ப்பாணத்துப் புள்ள. நான் கம்பெனி டிரைவர், கீழக்கரைக்காரன். போன மாசம் கனடாவுலேருந்து உன் தங்கச்சி போன் போட்டு, நீ இல்லைன்னு சொன்னா. இனிமே நான் யாரக் கேலி பண்றது?

நீ படிச்சது வெள்ளக்காரங்க பாட்டு, ஒபேரா. ஈசா டவுன்ல ஒரு இங்கிலீஷ்காரம்மா வீட்டுக்கு நாந்தான் கொண்டுபோய் விடுவேன்.

"சோப்ரானோன்னா என்னா புள்ள?"

"பொம்பிளையளின்ர குரலிலை ஆக மேல போறது, அண்ணை."

"அப்ப எங்க வீட்டுக்காரியும் சோப்ரானோதான். அவ கத்துனா ராமேஸ்வரத்துக்குக் கேக்கும்."

பாட்டுப் பேப்பரச் சுருட்டி என் மண்டையில ஒரு தட்டு தட்டுன.

எண்பத்தஞ்சோ ஆறோ, ஓட்டல் ஹால்ல உன் மொதக் கச்சேரி. கோட்டுப் போட்ட கூட்டத்துல நான் கடைசி வரிசை. நீ வந்து நிக்கிற, முன்னால மைக்கே இல்ல. பதறிப்போய் வெளிய ஓடுனேன். "பாய், மைக் மாஃபி! ஜல்தி!"ன்னு ஓட்டல்காரன்கிட்ட கத்துறேன், சாத்துன கதவத் தாண்டி உன் குரல் வருது. அவன் என்னையப் பாத்த பார்வையில நான் வாய மூடிக்கிட்டேன். ஒரு வார்த்தை புரியல. ஆனா நீ மேல போய் நின்ன எடத்துல எனக்கு மூச்சே நின்னு போச்சு.

முடிஞ்சதும் ஒரு இத்தாலிக்காரர் வந்தாரு. இத்தாலியில எங்க பாட்டுப் பள்ளிக்கூடத்துல எடம் இருக்கு, செப்டம்பருக்குள்ள வந்து சேருன்னாரு.

ஆனா பஹ்ரைன்ல வந்து எறங்குன அன்னைக்கே பாஸ்போர்ட்டக் கஃபீல்கிட்ட குடுத்துரணும், விசா எடுத்த மொதலாளி இல்லையா. அவரு பூட்டி வச்சுக்குவாரு. நாம யாரும் ஏன்னு கேட்டதில்ல. மோசமான ஆளும் இல்ல அவரு, பெருநாளைக்கு எல்லாருக்கும் பிரியாணி போடுவாரு. நீ போய்ப் பாஸ்போர்ட்டக் கேட்டப்ப, உன்னைய உக்கார வச்சு டீ குடுத்து, "காண்ட்ராக்ட் இன்னும் ஒரு வருசம் இருக்கு, முடிச்சுட்டுப் போ"ன்னாரு. கதவுகிட்ட நின்ன நான், "அர்பாப், சின்னப் பொண்ணு"ன்னேன். "கலாஸ்"னாரு, பேச்சு முடிஞ்சுச்சுங்கிற மாதிரி, சிரிச்சுக்கிட்டே. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச? என் பாஸ்போர்ட்டும் அதே பெட்டிக்குள்ளதான் கெடக்கு.

அங்கேருந்து திரும்பையில கார் கடலோரம் வந்ததும், "அண்ணை, நிப்பாட்டுங்கோ. ஏசிய நூத்துப்போட்டு கண்ணாடியெல்லாம் ஏத்துங்கோ"ன்ன. ஆகஸ்ட் மாசம். ஏசிய அணைச்சுட்டு ஏத்துனேன். ஹால்ல பாடுன பாட்ட மொதல்லேருந்து முழுசாப் பாடுன. ரோட்டுல போறவனெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டுப் போனான். என்னால திரும்பிப் பாக்க முடியல. ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு வேர்வையில நனைஞ்சு உக்காந்திருந்தேன். முடிச்சுட்டு, "சரி அண்ணை, டூட்டிக்குப் போவம்"ன்ன.

மறு வருசம் பாஸ்போர்ட் கைக்கு வந்தப்ப அந்த எடத்துல வேற யாரோ சேந்தாச்சு. கனடா போயும் பேங்க் வேலைதானாமே, பாட்டு சர்ச்சுல மட்டும்தானாமே. தங்கச்சி சொன்னா.

இப்பவும் மகன் கார்ல ஏறுனா, மொத வேலையா என் பக்கத்துக் கண்ணாடிய எறக்கிருவேன். "வாப்பா, ஏசி ஓடுது, ஏத்துங்க"ன்னு கத்துவான்.

ஏத்த மாட்டேன் புள்ள.