மேல் மண்ணில் செம்பு

மேல் டிவிசன்,
மடுல்சீமை.
04.02.2024

அன்புள்ள தங்கச்சி நிலாவுக்கு,

அண்ணன் றொமேஷ் எழுதுவது. ஆண்டவர் தயவில் அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றுதான் அம்மாவுக்குக் கவலை. போனில் பேசினால் ரெண்டு பேருக்குமே கோபம் வந்து வைத்துவிடுகிறோம், அதனால் கடிதம்.

நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்குகிறது, எழும்பிப் போங்கள் என்று அரசாங்க ஆட்கள் போன வருசம் சொன்னது உனக்குத் தெரியும். பதினெட்டுக் குடும்பத்துக்கும் மேட்டு மலையில் வீட்டுக்காணி அளந்தாச்சு. ஈஸ்டருக்கு முன்னால் காணி உறுதிப் பத்திரம் தருவதாக இருந்தது. போன வாரம் தோட்டத்துத் தொரை கூப்பிட்டு, அங்கே செம்பும் தங்கமும் தேடுகிறார்கள், அது முடியும்வரை காணி கிடையாது என்றார். காகிதத்தையும் காட்டினார். தேடுவது உன் கம்பெனி. கீழே புவிச்சரிதவியலாளர் தேவதாசன் நிலக்ஷனா என்று உன் கையெழுத்து இருந்தது. அப்பா பேரையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறாய்.

சித்திரை மழைக்கு நாங்கள் எங்கே போய்ப் படுப்பது? காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனால் எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

உன் அண்ணன்,
றொமேஷ்


கொழும்பு
11.02.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன். ஆனாலும் கம்பெனி யாருடைய காணியையும் பிடுங்கவில்லை. இது ஆரம்பத் தேடல்தான். ஐம்பது மீட்டருக்கு ஒரு இடத்தில், ஒரு சாண் ஆழத்தில் மண் எடுத்துச் சோதித்தோம். இந்த வகைச் செம்பு கட்டியாய் ஓரிடத்தில் இருக்காது. மலை முழுக்க உப்புத் தூவின மாதிரிப் பரவியிருக்கும், கூடவே கொஞ்சம் தங்கமும் இருக்கும். மேட்டு மலை மண்ணில் செம்பு நிறைய வந்திருக்கிறது. இனி ஆழத்துளை போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒன்றரை வருசம் போகும். கிடைத்தால் நம் சனத்துக்குக் கொழுந்துக் கூடையை விட்டு வேறு வேலை வரும். அதையும் யோசியுங்கள்.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். செம்பு கூடின இடமெல்லாம் சிவப்பு. வேறு யாருக்கும் காட்ட வேண்டாம்.

நிலா


மடுல்சீமை
20.02.2024

நிலாவுக்கு,

படத்தை விரித்து வைத்து ரெண்டு நாள் பார்த்தேன். நான் எட்டாம் வகுப்பு, உன் படிப்புக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சம்தான். ஆனாலும் கேட்கிறேன். சிவப்பு ஏன் மேட்டு மலைத் தேயிலை எல்லையோடு நின்றுபோகிறது? அதற்கு அடுத்து, தேயிலையே வைக்காத மானாப்புல் மேட்டில் ஒரு பொட்டுக்கூட இல்லை. பாறைக்குள் இருக்கிற செம்புக்குத் தோட்டத்து எல்லை எப்படித் தெரியும்?

கொழுந்தில் கொப்புள நோய் விழாமல் இருக்கப் பதினோரு வருசமாய் முதுகில் டாங்கி கட்டி மருந்து அடிக்கிறேன். டின்னிலேயே செம்பு என்று எழுதியிருக்கிறது. எனக்கு முன்னால் அப்பா, சாகும்வரை அடித்தார். மழைக்காலம் முழுக்க வாராவாரம் அடித்ததெல்லாம் எங்கே போகும்? நீ தோண்டின அந்த ஒரு சாணுக்குள்தான் கிடக்கும். அப்பாவின் சட்டையைப் பீலித் தண்ணியில் கசக்கிவிட்டு, கையெல்லாம் நீலமாய்ப் போச்சு என்று சிணுங்கினவள் நீ.

இதை அறிக்கையில் எழுதினாயா? அதை மட்டும் சொல்லு.

றொமேஷ்


கொழும்பு
28.02.2024

அண்ணாவுக்கு,

இல்லை.

படம் கையில் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். அறிக்கையின் முதல் பிரதியில் எழுதினேன். மேலாளர் கிஷாந்தன் சேர் கூப்பிட்டு, "ஆழத்துளை போட்டாத் தெரியப்போகுதுதானே. இப்ப எழுதினா ஆர் முதல் போட வருவினம்?" என்றார். அந்த வரியை நானே அழித்தேன், நானே கையெழுத்துப் போட்டேன். லயத்திலிருந்து படித்து வந்த பிள்ளை என்று போகிற இடமெல்லாம் என்னைப் பெருமையாய்ச் சொன்னவரும் அவர்தான்.

வெட்கமாயிருக்கிறது அண்ணா. பயமாயும் இருக்கிறது. இப்போது மாற்றி எழுதினால் வேலை போகும், இந்தத் தொழிலில் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். ஒன்றரை வருசம் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவை இங்கே அனுப்புங்கள், நான் வைத்துப் பார்க்கிறேன்.

நிலா


மடுல்சீமை
10.03.2024

நிலாவுக்கு,

அம்மா வர மாட்டாளாம். "மத்த பதினேழு வீட்டையும் அவ வச்சிப் பாப்பாளா?" என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

இன்று பூசை முடிந்து கோயிலிலேயே கூட்டம். மருந்து விசயத்தை நான் எடுத்துச் சொன்னேன், படத்தைக் காட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்கா அக்கா எழும்பி, "நம்ம நிலாவுக்கு இது தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கும்."

கோயிலுக்குள் நின்றுகொண்டு சொன்னேன். ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. பாவம், படிக்கப் போய் எத்தனை வருசம், மறந்திருக்கும் என்றார்கள். மனு எழுதியாச்சு, இருபத்திரண்டாம் தேதி பதுளை அரசாங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறோம். உனக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதென்று, 'எங்கள் பிள்ளைக்குத் தெரியாமல் நடந்த பிழை' என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்கள். அதற்குக் கீழே நானும் கையெழுத்து வைத்தேன். எனக்கு மனசு ஆறவில்லை.

றொமேஷ்


கொழும்பு
16.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள்.

எத்தனை வருசமாய் மருந்து அடிக்கிறார்கள் என்பதையும், அது தெரிந்தும் நான் மறைத்தேன் என்பதையும் எழுதி, தேடலுக்கு அனுமதி கொடுத்த அலுவலகத்தில் நேற்றுக் கையில் கொடுத்துவிட்டேன். பிரதி இதோடு இருக்கிறது, மனுவோடு சேருங்கள். கிஷாந்தன் சேர் என்னோடு பேசவில்லை. மேசையைக் காலி பண்ணச் சொல்லி ஆள் அனுப்பினார். காணி மழைக்கு முன்னால் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. மழை வலுத்தால் யாரும் லயத்துக்குள் படுக்க வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்.

ஈஸ்டருக்கு நான் வரவில்லை. என்மேல் கோபப்படுகிறவர்களின் முகத்தை என்னால் பார்த்துவிட முடியும். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று எனக்குச் சோறு போடுகிறவர்களைப் பார்க்க முடியாது. பிரான்சிஸ்கா அக்கா வீட்டுக்கு நீங்களே போய், நிலாவுக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் வரச்சொன்னால் வருகிறேன்.

தங்கச்சி,
நிலக்ஷனா