நூற்றுப் பதின்மூன்றாம் கார்டு

ஜூலை 14, திங்கள்

விடியற்காலையிலிருந்தே சாரல். பெட்டிகளில் சிலிக்கா ஜெல் மாற்றினேன். போன மாதம் வைத்ததெல்லாம் அதற்குள் ஈரம் குடித்து நிறம் மாறிக் கிடக்கிறது. அருவிச் சத்தம் கேட்கும் தூரத்தில் பழைய காகிதங்களைப் பாதுகாக்க இடம் பார்த்த மூளையை என்ன சொல்ல. காப்பகத்தை நடத்தும் பண்ணை வீட்டாருக்குக் குற்றாலத்தில் ஒரு சீசன் பங்களா சும்மா கிடந்தது. ஆவணக் காப்பகம் ஆகிவிட்டது.

கடிதங்களை ஸ்கேன் செய்யச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், நிவேதா. இலத்தூர் நாதசுர வித்துவானின் பெட்டிதான் முதலில். கடிதங்கள் 240. ஸ்வரம் எழுதிய நோட்டுகள் 6.

மானேஜர் அண்ணாச்சி வாசலில் நின்றே சத்தம் போட்டார்: "ஒண்ணாம் நம்பர்லேருந்து வரிசையாப் போம்மா. ரிஜிஸ்டரோட ஒத்துப் பாத்து டிக் போடு. டாக்டர் சார்வாள் கூட இருப்பாக. அவுக மாணவனா இருக்கும்போது எழுதின ரிஜிஸ்டர்தான்."

டாக்டர் சார்வாள். நான்தான். பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியாளன். கேலிக்கு மட்டும் பட்டம்.

வரிசையாக. டிக். மதியச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இன்று 1 முதல் 26 வரை.

ஜூலை 15, செவ்வாய்

54 வரை முடிந்தது. இந்த வேகத்தில் வெள்ளிக்கிழமை 113.

ஒருமுறையாவது எழுதி வைக்கிறேன். 113-ஆம் கவர் காலி. அதில் இருந்த கார்டு இருபத்தைந்து வருடமாக என் வீட்டு பீரோவில், என் ஆய்வேட்டுக்குள் இருக்கிறது.

ரிஜிஸ்டரில் என் கையாலேயே பதிந்திருக்கிறேன்: "அஞ்சல் கார்டு. மூலையில் கறுப்பு மை. தவில் சுப்பையாவின் இறப்புச் செய்தி." பதிந்த பிறகுதான் முழுதாக வாசித்தேன். யாரோ உடன் வாசித்தவர் வித்துவானுக்கு எழுதியது. சுப்பையா கொல்லத்துப் பக்கம் திருவிழாவுக்குப் போன இடத்தில் காலமானார், இன்ன மாதம், இன்ன திதி. கீழே நான்கு வரி: நோட்டுகளில் உள்ள பாட்டெல்லாம் அவர் கட்டி, தங்களிடம் கொடுத்து வைத்தது, அவர் மகனிடம் சேர்த்துவிடும்படி சொல்லிப் போனார்.

என் ஆய்வேடே அந்தப் பாட்டுகள் வித்துவான் இயற்றியவை என்பதுதான். சமர்ப்பிக்க மூன்று மாதம் இருந்தது. வழிகாட்டியிடம் (பெயரை எழுத மாட்டேன்) லேசாகச் சந்தேகம் என்று இழுத்தேன். "சந்தேகம் இருந்தா இன்னும் ரெண்டு வருஷம் உக்காரும்" என்றார். அன்று சாயங்காலம் கார்டு சட்டைப்பையில் வீட்டுக்கு வந்தது.

பட்டம் கிடைத்தது. விரிவுரையாளர் வேலை வழிகாட்டியின் மருமகனுக்குப் போயிற்று. ஒரு பழைய கடிதத்தைக்கூடக் கையால் தொட்டிராதவன். திருடியும் பலனில்லை. அது இன்னும் எரிகிறது.

பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் மீனாவுக்குக் கால் வீக்கம் குறையவில்லை. ஏழாம் மாதம். ஆலங்குளத்திலிருந்து மருமகன் போன் செய்தான்.

ஜூலை 16, புதன்

83 வரை. நிவேதா வேலையில் சுத்தம். அதுவே பயம்.

பிற்பகல் அண்ணாச்சி கூப்பிட்டார். சுரண்டையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் பேசினாராம். தவில் சுப்பையாவின் பேத்தி. நாம் இணையத்தில் ஏற்றிய பட்டியலில் 113-ஐப் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வருகிறார்.

"தாத்தா கார்டப் பாக்கணுமாம். நீரு கூட இருந்து காமிச்சிரும்."

ஏன் இப்போது? பாட்டுகளுக்காகத்தான். வேறென்ன. வழக்குப் போடுவார்களா? பட்டத்தைத் திரும்ப வாங்குவார்களா? செய்தித்தாளில் போட்டோ போடுவார்களா? மருமகன் வாசிப்பானா?

வழிகள்:
1. காய்ச்சல் என்று லீவு. (ரிஜிஸ்டர் அங்கேயே இருக்கும்.)
2. கரையான். (மற்ற 239-ஐ விட்டுவிட்டதா?)
3. கார்டைத் திரும்ப வைப்பது. வாசிப்பார்கள். ஆனால் அது காப்பகத்தில் இருந்ததாக ஆகும், நான் கவனிக்கவில்லை என்று ஆகும். கவனக்குறைவுக்கு யாரும் ஜெயிலில் போடுவதில்லை.

மூன்றுதான்.

ஜூலை 17, வியாழன்



காலையில் கார்டை எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். துண்டோடு வெளியே வருகிறேன், என் மனைவி செல்வி பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். டப்பா வைக்கப் போனவள்.

"என்னங்க இது? எழவுக் கார்டால்லா இருக்கு?"

"ஆபீஸ்து. ரொம்பப் பழசு. குடு இங்க."

"பழசா இருந்தா? பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுல கொண்டாந்து வச்சிருக்கிய. வாசிச்சதும் கிழிச்சிப் போட்டுட்டுத் தலை முழுகுததுல்லா? படிச்ச மனுசன்தானா நீங்க?"

பேசும்போதே இரண்டாகக் கிழித்தாள். பிறகு நான்கு. எட்டு. நான் கிட்டப் போவதற்குள் வாசல் ஓடையில் போட்டாயிற்று. சாரலில் ஓடை நிறையத் தண்ணீர். துண்டுகள் தெருமுனை தாண்டிப் போயின.

"எப்பம் கொண்டாந்தது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

அவள் படியில் உட்கார்ந்தாள். பிறகு விரல் மடக்கினாள். மீனாவுக்கு முன்னால் தங்காமல் போன பிள்ளை. காலேஜ் வேலை. என் அப்பா கை கால் விழுந்து கிடந்தது. "எல்லாம் இதாலதானா? நான் கோயில் கோயிலாப் போனேனே." அழுதாள். மீனா கட்டிலிலிருந்து, "யம்மா, என்னம்மா?" என்றாள். செல்வி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லட்டி, கரப்பான்" என்றாள்.

எழுத வெட்கம்: எனக்கு முதலில் வந்தது நிம்மதி.

110 வரை.

ஜூலை 18, வெள்ளி

பத்து மணிக்கெல்லாம் டீச்சர் வந்துவிட்டார். அறுபதுக்கு மேல் வயது. கையில் குடை, ஒரு சீப்பு வாழைப்பழம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேசை ஓரம் உட்கார்ந்தார்.

111. 112.

"சார், நூத்திப் பதிமூணு கவர் காலியா இருக்கு."

அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். சிரித்தார்.

"கறுப்பு மை தடவினது. அத யாரு வச்சிருப்பா? இலத்தூர்ல இருந்து அந்த வீட்டு ஆளுவ அப்பப்ப வந்து பெட்டியப் பாப்பாங்கள்லா, அவுங்க கண்ணுல பட்டிருக்கும். கிழிச்சிருப்பாங்க. சார்வாள், 'இல்லை'ன்னு எழுதிரும்."

இவ்வளவுதான். யாரும் சந்தேகப்படவில்லை. குறிப்புப் பத்தியில் "இல்லை" என்று எழுதினேன்.

டீச்சர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினார். "ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே சார். நீங்கதான் பதிஞ்சியளா? அப்ப வாசிச்சிருப்பியளே?"

"நினைவில்லைம்மா. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"பாட்டு கீட்டு ஒண்ணும் எனக்குத் தெரியாது சார். தாத்தா வீட்டோட சண்ட போட்டுட்டுப் போனவரு. போன எடத்துல செத்துட்டாருன்னு வாய்ச்சொல்லாத்தான் தகவல் வந்துச்சு. எந்த மாசம், என்ன திதி, ஒண்ணும் தெரியாது. எங்கப்பா சாகுத வரைக்கும் ஆடி அமாவாசைக்கு அருவிக்கரையில வந்து பொதுவா எள்ளுத் தண்ணி விடுவாக. அவருக்குன்னு ஒரு நாள் இல்லாம ஆக்கிட்டோமேன்னு சொல்லிட்டே இருப்பாக. அந்தக் கார்டுல நாள் இருக்கும்னு வந்தேன்."

வாழைப்பழத்தை நிவேதாவிடம் கொடுத்தார். குடையை எடுத்தார்.

ஐப்பசி. வளர்பிறை துவாதசி. எனக்கு என் அப்பா திதி மறந்தாலும் இது மறக்காது. இனி அது வேறெங்கும் எழுத்தில் இல்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்பார். சொல்லாவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், என்றைக்கும்.

தலைவலி என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு டீச்சர் ஏறிய தென்காசி பஸ்ஸிலேயே ஏறினேன். அவர் முன்னால், நான் கடைசி சீட்டில். பஸ் ஸ்டாண்டில் சுரண்டை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தான்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "டீச்சர். ஐப்பசி மாசம். வளர்பிறை துவாதசி."

புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. உதடு அசைத்து இரண்டு முறை சொல்லிக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். எழுந்து, கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லி இறங்கினார். பஸ் போய்விட்டது. என் பக்கத்தில் வந்து நின்றார். குடையை விரிக்கவில்லை.

"அதுல வேற என்ன எழுதியிருந்துச்சு சார்?"

அடுத்த சுரண்டை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சொன்னேன்.