தலைமாட்டுப் பக்கம்

ஒதியம்பட்டு

அண்ணா,

மகளிர் தினத்துக்கு மாதா கோயில்ல எனக்குச் சால்வை போட்டாங்க. நம்ம ஊர்ல அப்பாவோட சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த முதல் பொண்ணுன்னு மைக்ல சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க.

அந்த போட்டோவைப் பார்த்துட்டு பாரிஸ்ல இருந்து நீ எழுதியிருக்க, 'தடையை உடைச்ச தங்கச்சி, பெருமையா இருக்கு'ன்னு.

நான் எதையும் உடைக்கல. அடக்கத்தன்னைக்கு, ஃபிளைட் ஏறிட்டேன்னு நீ சொன்னதை நம்பி, தலைமாட்டுல மூத்த பிள்ளைக்கு இடம் விட்டுட்டு பெட்டி தூக்குற மத்த மூணு பேரும் காத்திருந்தாங்க. நாலு மணி ஆச்சு, நீ வரல. பங்குச் சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். நான் போய் அந்த இடத்துல நின்னேன்.

பெட்டி கனமாவே இல்ல. அப்பா அவ்வளவு இளைச்சிருந்தார்.

சால்வையை உன் பீரோவுல வச்சிருக்கேன். எப்பவாவது வந்தா எடுத்துக்க.

தங்கச்சி