கண்ணீரைவிடக் கரித்தால்

மரக்காணம், 8.5.1978

அன்புள்ள சுலோ,

நீ நலமென்று நம்புகிறேன். நான் நலமென்று எழுதக் கை வரவில்லை. உப்பளக் குடிசைகளில் காலரா. மாதா கோயில் மருந்தகத்தில் நர்சு நான் ஒருத்திதான். சலைன் தீர்ந்துவிட்டது. திண்டிவனத்து டாக்டர் வாரம் ஒருமுறை வருகிறார். குழந்தைகள் அதுவரை காத்திருப்பதில்லை.

வாயால் கொடுக்கும் உப்புக் கரைசல் பற்றி ஏதோ கட்டுரை வந்திருக்கிறதாமே. நீ வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் தேடேன். ஹாஸ்டலில் என் பாடத்தையும் நீதானே தேடித் தருவாய். எங்கள் ஊருக்கு வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றுகிறாய். இதையாவது அனுப்பு.

உன் மரியசெல்வி

சென்னை, 12.5.1978

செல்வி,

கட்டுரை கிடைத்தது. இதழை வெளியே எடுத்துப்போக அனுமதியில்லை. அறை மூடும்வரை உட்கார்ந்து தமிழில் எழுதிவிட்டேன். தனித் தாளில் இருக்கிறது.

காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. ஆறு தேக்கரண்டி சர்க்கரை. கொடுக்கும் முன் தாய் ருசி பார்க்க வேண்டும். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட வேண்டும்.

மருத்துவ இதழில் கண்ணீர்! அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுலோசனா

மரக்காணம், 19.5.1978

சுலோ,

பேதியில் துவண்டு கிடந்த பச்சமுத்துவின் மகள் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றாள். இன்னும் சிலர் பிழைத்துவிட்டார்கள். உன் தாளைச் சுவரில் ஒட்டி, தாய்மார்களுக்குப் படித்துக் காட்டினேன். இனி வீட்டிலேயே கலக்கிக்கொள்வார்கள்.

அளத்தில் உப்பு வாரும் ஆராயி கேட்கிறாள்: "ஏங்க சிஸ்டர், எங்களுக்கே உப்பு போட மெட்ராஸ்லருந்து சொல்லித் தர்றாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று.

செல்வி

மரக்காணம், 27.5.1978

சுலோசனா,

ஆராயியின் மூத்தவன் போய்விட்டான். பேதி நின்றிருந்தது. தண்ணீர் தண்ணீர் என்று தவித்தான். பிறகு வலிப்பு.

செம்பில் மிச்சம் இருந்ததை நான் குடித்துப் பார்த்தேன். கரிப்பே தெரியவில்லை. டாக்டர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். "கடல் தண்ணியாட்டம் இருக்குது. யாரும்மா குடுக்கச் சொன்னது?"

ஆராயி சொன்னாள்: "ருசி பாத்துதாங்க குடுத்தேன். சப்புனு இருந்துது. அதான் இன்னுங் கொஞ்சம் போட்டேன்."

எங்கள் கிணற்றுத் தண்ணீரே கரிப்பு. பிறந்தது முதல் அதைத்தான் குடிக்கிறோம்.

கட்டுரையில் இதைப் பற்றி இருந்ததா? நீ விட்டுவிட்டாயா?

மரியசெல்வி

சென்னை, 31.5.1978

செல்வி,

நான் எதையும் விடவில்லை. அடிக்குறிப்புவரை மறுபடி படித்தேன். பழைய தொகுதிகளையும் இறக்கிப் பார்த்தேன். கரிக்கும் தண்ணீர் குடித்தே பழகிய நாக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. அறை நிறையப் புத்தகம். உங்கள் கிணறு எதிலும் இல்லை.

நீ எழுது. நான் அட்டை போட்டு அடுக்கில் வைக்கிறேன். வேறென்ன செய்ய, தெரியவில்லை.

சுலோ

மரக்காணம், 4.6.1978

சுலோ,

எழுத நேரமில்லை. கூனிமேட்டுப் பாய் ஒருவர் மாட்டுவண்டியில் நல்ல தண்ணீர் அனுப்புகிறார். கரண்டியால் அளந்து நானே கலக்கினேன். யாரும் வாங்கவில்லை. குடித்துக் காட்டினேன்.

"நீங்களும் எங்க தண்ணி குடிச்சு வளந்தவங்கதான சிஸ்டர்" என்றாள் ஒரு தாய், சின்னப்பாப்பா. சரிதான்.

ஆராயி வேலியோரம் நிற்கிறாள். இடுப்பில் இளையவன். அவனுக்கும் பேதி கண்டிருக்கிறது.

புத்தகம் வேண்டாம். பஸ் ஏறு. உன் நாக்கு வேண்டும்.

செல்வி