கழுத்து நாளைக்கு

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன்னை அந்த ஊர்ச் சிறையில் விட்டுவிட்டு நலம் என்று எழுதக் கை கூசுகிறது, எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. உன் அக்கா தினமும் போன் செய்கிறாள்.

இன்று வக்கீலம்மா அலுவலகத்திலிருந்து, நீ இருக்கும் நாட்டுக் கோர்ட்டுக்கு வீடியோத் திரை வழியாகச் சாட்சி சொன்னேன். எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. நீதிபதியின் முகம் மிதந்தது. ஓரத்தில் நீ. தோளில் ஓர் அங்குலம் இளைத்திருக்கிறாய். வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தார், என் பிள்ளை கொலை செய்யலைன்னு சொல்லிடாதீங்கய்யா, இந்தக் கோர்ட்டுல அது எடுபடாது, கொலை நடந்த நாடு உங்க பிள்ளையைக் கேக்குது, அங்கே அனுப்பி விசாரிக்கிற அளவுக்கு ஆதாரம் இருக்கான்னு மட்டும்தான் பார்ப்பாங்க, ஆதாரத்தை மறுக்க முடியாது, விளக்கலாம் என்று.

ஆதாரம் என்று அவர்களிடம் இருப்பது, முன்பு வேலை பார்த்த நாட்டிலிருந்து நீ எனக்கு அனுப்பிய ஒரே வரி. முதலாளியை வெட்டி வெச்சாச்சுப்பா, கழுத்து நாளைக்கு. அந்த வாரமே அவர் வெட்டுப்பட்டுக் கிடந்தார். அடுத்த மாதம் நீ நாடு மாறினாய். தையற்கடை வாசலை மிதிக்காத யாரோ அந்த வரியை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்கள். அது நின்றால் உன்னை அனுப்பிவிடுவார்கள், சாய்ந்தால் வீட்டுக்கு வருவாய்.

விளக்கினேன். எங்கள் கடையில் துணிக்குப் பெயரில்லை, ஆளுக்குத்தான். டாக்டரை வெட்டிட்டேன், மாப்பிள்ளைக்குக் கை வெச்சாச்சு, வாத்தியாரைப் பிரிச்சுத் தைக்கணும், இப்படித்தான் பேசுவோம், இவன் பேசக் கற்றதே அங்கேதான், முதலாளி என்றால் முதலாளிக்கு இவன் தைத்த கோட்டு, கழுத்து என்றால் அதன் காலர் என்றேன். மொழிபெயர்ப்பாளருக்கு இருமல் வந்துவிட்டது. இதுவரை எத்தனை பேரை வெட்டியிருக்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். கணக்கில்லைங்கய்யா, அளவு கொடுத்தா உங்களையும் வெட்டித் தரேன் என்றேன். வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி சிரிக்கவில்லை. நெடுநேரம் எதையோ எழுதினார். திங்கட்கிழமை தீர்ப்பு.

கடைக்கு வந்தேன். சுவரில் காகித மாதிரிகள், தலையில்லாத மனிதர்கள், மெல்ல அசைந்தார்கள். ஒருவன் கைகளை விரித்து நின்றான், அளவுக்கு நிற்கும் சின்ன வயது நீ. என்னையறியாமல் அளவு நாடாவை எடுத்துவிட்டேன்.

சாப்பாட்டை மிச்சம் வைக்காதே. அங்கே யாரிடமும் கேலி பேசாதே, நம் கேலியை மொழிபெயர்க்க ஆளில்லை. எங்கள் ஆசி உன் பக்கத்திலேயே நிற்கிறது.

ஒன்று மறக்காதே. உன்னை வெட்டி வைத்துவிட்டேன், நீலத்தில். கழுத்தும் கையும் நீ வந்து நின்றால்தான்.

இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கு: சட்டையைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா