நண்டுக் குழம்புக்கு எந்த ஒயின், மச்சான்?

சண்டை போட ஆளில்லாமல் என்னை விட்டுப்போன அன்பு மச்சான் சேவியருக்கு,

நேற்று உன் மகள் ரெஜினாவுக்குக் கல்யாணம் முடிந்தது. தாய்மாமன் நான்தான் கோயிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போனேன். மாப்பிள்ளை பிரான்சில் அல்சாஸ் பக்கம், நல்ல பையன். சந்தோஷமான சேதி இவ்வளவுதான். மீதியெல்லாம் உன்மேல் எனக்கிருக்கிற கோபம்.

பயணிகள் கப்பலில் இருபது வருஷம் ஒயின் ஊற்றியவன் நீ. "என் மக கல்யாணத்துல நான்தாம்லே ஊத்துவேன், நீ சமையலைப் பாரு" என்றாய். சொன்னவன், போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். எதற்கு எதை ஊற்றுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

சம்பந்தியம்மா தங்கள் ஊர் ஒயின் பன்னிரண்டு பாட்டில் கொண்டுவந்தார். இரண்டு ரகம், இரண்டும் வெள்ளை. ரீஸ்லிங் ஒன்று, வாயில் நுழையாத பெயரில் இன்னொன்று. "அப்பா இருந்தா எதுக்கு எதை ஊத்துவாவளோ, அப்படியே ஊத்துங்க மாமா" என்றாள் ரெஜினா.

உன் தம்பி சூசை செய்த வேலையைக் கேள். மீன் ஐஸ்பெட்டியில், உடைத்த ஐஸும் உப்பும் போட்டு, பன்னிரண்டையும் ராத்திரியே புதைத்துவிட்டான். காலையில் திறந்தால் லேபிள் எல்லாம் தண்ணீரில் மிதக்கிறது. பாட்டில்கள் அத்தனையும் ஒரே உயரம், ஒரே பச்சை.

"வெள்ளை ஒயின் ஜில்லுன்னு இருக்கணும்னு அண்ணன்தானே சொல்லும்?" என்கிறான்.

பெண் வீட்டுக்காரன், சம்பந்தியம்மாவிடம் எது எதென்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

சிவப்புக் குழம்புக்குச் சிவப்பு ஒயின்தான் என்று பத்து வருஷம் உன்னோடு மல்லுக்கு நின்றவன் நான். "ஏலே, உன் காரத்துக்குச் சிவப்பு ஊத்துனா வாய் வெந்துபோகும். லேசா இனிப்பு இருக்கிற வெள்ளைதான் சரிப்படும்" என்பாய். உனக்கு நாக்கே கெட்டுப்போச்சு என்று கேலி செய்தேன்.

வேறு வழியில்லாமல் அடுக்களையில் இரண்டு பாட்டிலைத் திறந்து, நண்டுக் குழம்போடு குடித்துப் பார்த்தேன். ஒன்றில் எலுமிச்சைப் புளிப்பு, காரம் இன்னும் ஏறியது. மற்றது ரோஜாப்பூ வாசம், லேசான இனிப்பு. ஒரு மடக்கில் எரிச்சல் அடங்கிப்போனது. நீ சொன்னதே சரியாகிப்போன ஆத்திரத்தில் சூசையை அடிக்கப் போனேன், பாவம் அவன். பிறகு எல்லாப் பாட்டிலையும் திறந்து, முகர்ந்து பிரித்தோம். புளிப்பு சீலா மீன் வறுவலுக்கு, ரோஜா நண்டுக்கு.

பந்தியில் சம்பந்தியம்மா நண்டைச் சாப்பிட்டு ஒரு மடக்குக் குடித்தார். நண்டோடு இந்த ஒயினை யார் சேர்த்தது என்று கேட்டார். சபைக்கு நடுவே சொன்னேன்: "எங்க மச்சான். பத்து வருஷமா சொன்னான், நாந்தான் கேக்கல. அவன் சொன்னதுதான் சரி."

இந்த வார்த்தையை என் வாயிலிருந்து பிடுங்க எத்தனை லீவுக்கு வந்து போராடினாய்? சொல்லிவிட்டு, உன் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன் மச்சான். பழக்கம்.

காரத்தைக் குறைக்க மாட்டேன். ஆனால் உன் மகள் பிரான்சிலிருந்து வரும்போதெல்லாம் நண்டு வைத்து, நீ சொன்னதையே ஊற்றுவேன், உன்னைத் திட்டிக்கொண்டே.

தோற்றுப்போன உன் மச்சான்,
ரெஜினாவின் தாய்மாமன் ராயப்பன்